சிங்கப்பூரில் சுவரோவியம் வரைந்து பிழைப்பது எப்படி? முதலில் கடிதம், அப்புறம் தூரிகை

சுவரோவியம் வரைகிறேன் என்று சொன்னால் நம்மாட்களில் பாதிப் பேர் "தேக்கா பக்கம் நின்னு போட்டோ எடுக்கிறாங்களே, அதுவா?" என்பார்கள். மீதிப் பேர் "அதுல என்னப்பா வரும்?" என்பார்கள். நான் எழுதுவது இந்த இரண்டாவது கேள்விக்காக. வரையக் கற்றுக்கொள்ள லாசால் கலைக் கல்லூரி இருக்கிறது, நன்யாங் நுண்கலைக் கழகம் இருக்கிறது. வேலை வராத மாதத்தை எப்படித் தள்ளுவது, வந்த வேலைக்குக் காசை எப்படி ஒழுங்காக வாங்குவது என்பதை மட்டும் தொழிலுக்குள் வந்த பிறகுதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அனுமதி. இந்த ஊரில் சொந்தக்காரர் இல்லாத சுவர் கிடையாது. 1966-ல் வந்த நாசவேலைச் சட்டப்படி, தனியார் சுவராக இருந்தாலும் உரிமையாளரோ அங்கே இருப்பவரோ எழுத்து மூலம் சம்மதம் தராமல் வரைந்தால் குற்றம். 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படியும் கிடைக்கலாம். கடைக்கார அண்ணன் "நீங்க வரைங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னால் சந்தோஷம்தான், ஆனால் அவர் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர், கட்டடம் வேறொருவருடையது. "அண்ணே, ஓனர்கிட்ட ஒரு கடிதம் மட்டும் வாங்கிக் கொடுத்திருங்க, ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடிதத்தில் சுவரின் முகவரி, எந்தப் பக்கம், என்ன படம், எந்தத் தேதிகளில் வேலை என்பதெல்லாம் இருக்கட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் என்றால் நகர மன்றத்திடம் போக வேண்டும்.

லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகிய இடங்களில் உள்ள பழைய கடைவீடுகளில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், அங்கே உரிமையாளர் சம்மதம் மட்டும் போதாது, நகர மறுசீரமைப்பு ஆணையமும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் புகைபிடிக்கும் சம்சுய் பெண் (அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து வந்து கட்டட வேலை பார்த்த பெண்) ஓவியம் எவ்வளவு பேச்சைக் கிளப்பியது என்று நினைவிருக்கும். ஆணையத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கவில்லை, படத்தை மாற்றச் சொன்னார்கள், பொதுமக்கள் பலர் ஓவியத்துக்காகப் பேசினார்கள், கடைசியில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்பதற்காக அந்த வழியில் போகாதீர்கள், அத்தனை வாரப் பதற்றத்துக்கு யாரும் கூலி தரப்போவதில்லை.

அடுத்தது சுவர். கொட்டேஷன் கொடுப்பதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பி விலை சொல்லாதீர்கள். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தடவுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் பழைய பெயின்ட் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேய்த்துக் கழுவி சீலர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் வரைந்தால் உங்கள் ஓவியமும் அதோடு சேர்ந்து உரிந்து வரும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், டேப்போடு பெயின்ட் வந்தாலும் அதே கதைதான். கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஒரு சதுரம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் போய்ப் பாருங்கள், தாளுக்கு அடியில் வியர்த்திருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று உரிமையாளர் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை தூரிகையைத் தொட வேண்டாம். புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவர் என்றால் 28 நாள் காய விடுவதுதான் வழக்கம். பின்சந்துச் சுவர்களில் ஏர்கான் தண்ணீர் சொட்டும் இடத்தையும் பார்த்து வையுங்கள், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

பெயின்ட் கணக்கு எளிது. 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 18 சதுர மீட்டர். சீலர் ஒரு பூச்சு, அடிநிறம் இரண்டு பூச்சு, ஆக 54 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால் ஐந்தரை லிட்டர், சொரசொரப்பான சுவர் என்றால் ஏழு. ஓவியத்துக்கான நிறங்கள் தனி. வெளிச்சுவருக்கென்று விற்கும் அக்ரிலிக் எமல்ஷனையே வாங்குங்கள். பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் நம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், காவி மாதிரி இரும்பு ஆக்ஸைடு நிறங்கள் தாக்குப்பிடிக்கும். எந்தப் பக்கம் மாலை வெயில் நேராக அடிக்கிறதோ அங்கே நிறத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படத்தைச் சுவருக்கு ஏற்ற, இரவில் புரொஜெக்டர் வைக்கலாம், கட்டம் போடலாம், ஆனால் குறுகலான சந்தில் புரொஜெக்டரைப் பின்னால் தள்ளி வைக்க இடமே இருக்காது. அப்போது சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கல்கள், எழுத்துகள், குறிகள் போட்டு, அதைப் போட்டோ எடுத்து, ஐபேடில் அதன்மேல் உங்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் மூக்கு வருகிறது, எதற்குக் கீழே கை வருகிறது என்று பார்த்துப் பார்த்து வரைவது வசதி. வழியில் போகிறவர்கள் இதுதான் ஓவியமா என்று முகம் சுளிப்பார்கள், விடுங்கள்.

வானிலையும் உயரமும். காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும்போது பெயின்ட் ஒழுங்காகக் காயாது, வெயில் கொஞ்சம் ஏறட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சகஜம், அதனால் தீபாவளிக்கு முன் வரும் வேலைகளுக்கு மழை நாட்களையும் சேர்த்தே தேதி கொடுங்கள். 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய வேலை என்றால் உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகள் வருகின்றன, பயிற்சியும் அந்த உயர வேலைக்கென்று தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். ஆளை உயரத்துக்குத் தூக்கும் பூம் லிஃப்ட் ஓட்டவும் பயிற்சி உண்டு. சாரத்துக்கோ லிஃப்டுக்கோ ஆகும் வாடகையைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள், உங்கள் கூலிக்குள் ஒளித்து வைத்தால் பேரம் பேசும்போது அதுதான் முதலில் அடிபடும்.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். வடிவமைப்புக்குத் தனி, வரைவதற்குத் தனி. "சின்னச் சுவர்தானே தம்பி, உங்களுக்கும் விளம்பரம்" என்று வரும் பேச்சுக்கு, "அண்ணே, பெயின்ட் கடையில விளம்பரத்தை வாங்கிக்க மாட்டாங்க" என்று நான் சொல்வதுண்டு, பெரும்பாலும் சிரித்துவிட்டு விலைக்கு வருவார்கள். பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் வரைபடத்தைக் கொடுக்காதீர்கள், வரைபடத்தில் எத்தனை முறை திருத்தம் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு கடை வேலை முடிந்த பிறகு "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன்" என்றே மாதக்கணக்கில் என்னை இழுத்தடித்தது. அந்த நிலை உங்களுக்கு வந்தால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் செலவு கிடையாது. அங்கே காட்டக் கையெழுத்திட்ட கொட்டேஷன் இருந்தால் பாதிக் கவலை குறையும்.

வேலை வராத மாதங்கள் வரத்தான் செய்யும். 2020-ல் எல்லாம் மூடியபோது சுயதொழில் செய்தவர்களுக்கு மாதம் 1,000 வெள்ளி என்று ஒன்பது மாதத்துக்கு அரசு கொடுத்தது, அப்படி ஒன்று எப்போதும் வராது. அதனால் சுவரை மட்டும் நம்பாதீர்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் கலைக் கல்வித் திட்டத்தில் இடம் கிடைத்தால் பள்ளிகளில் பட்டறை நடத்தலாம். மெனு பலகை, கல்யாண மேடைப் பின்னணி என்று எது வந்தாலும் செய்யுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். இருக்கிற வேலையை அவசரப்பட்டு விடவும் வேண்டாம். இன்று சைனாடவுன், தியோங் பாரு சுவர்களில் பழைய சிங்கப்பூரை வரைந்து பேர் வாங்கியிருக்கும் யிப் யூ சோங் கணக்காளராக இருந்தவர். 2015-ல் எவர்ட்டன் சாலையில் வரையத் தொடங்கினார், வேலையை விட்டு முழுநேரம் இறங்கியது 2018-ல். ஆமோய் ஸ்திரீட் பக்கம் தியான் ஹொக் கெங் கோயிலின் பின்சுவரில் இருக்கும் 44 மீட்டர் ஓவியம் அவர் வேலையில் இருந்த காலத்தில் வரைந்தது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குக் கட்டியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், வந்த ஒவ்வொரு முன்பணத்திலிருந்தும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் வரி நேரத்தில் முழிக்க வேண்டாம்.

வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. விடுதியில் அருமையாக வரைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பெர்மிட்டில் உள்ள வேலையைத் தவிர வெளியே காசு வாங்கி வரையக் கூடாது, மாட்டினால் ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும். யாராவது "சும்மா ஞாயிற்றுக்கிழமைதானே" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

நல்ல வாய்ப்பு எங்கே என்றால், நம்மிடம் இருக்கும் கதைகளில். லாசாலும் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகமும் நடத்திய ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா என்ற கலைத் திட்டம் வழியாகத்தான் பெலிலியோஸ் சந்தில் கிளி ஜோசியரும் பூ கட்டுபவரும் சுவரேறினார்கள். அதை வரைந்த சைஃபூல் நம் ஆள் இல்லை, ஆனாலும் நன்றாகவே வரைந்திருக்கிறார். நமக்கு அந்தத் தொழில்களைச் செய்த தாத்தா பாட்டிகளை மாமா, அத்தை என்று கூப்பிட்டுப் பேசும் வசதி இருக்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த குடும்பங்கள், மாட்டுக் கொட்டகைகள், மசாலா அரைக்கும் மில்கள் என்று எவ்வளவோ கிடக்கிறது. அழைப்பு வரும்வரை காத்திராமல் இரண்டு மூன்று வரைபடங்களைக் கையில் வைத்திருந்தால், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்ற திறந்த அழைப்பு வரும் அன்றைக்கே அனுப்பிவிடலாம்.

கடைசியாக ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வீவக புளோக்குகளுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பெயின்ட் அடிப்பார்கள், கடைக்கும் வாடகைக்காரர் மாறுவார், ஓவியம் போய்விடும். அழிப்பதற்கு முன் உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி, பதிப்புரிமை உங்களுடையது, டீ சட்டையிலோ பையிலோ அச்சடித்து விற்பதென்றால் தனிக் கட்டணம் என்று இன்னொரு வரி. 2021 பதிப்புரிமைச் சட்டத்தின்படி உங்கள் படைப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறவர்கள் உங்கள் பெயரையும் போட வேண்டும், அதனால் சுவரின் மூலையில் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். வேலை முடிந்த மறுநாள் காலையில், சுவர் முன்னால் வேனும் லாரியும் வந்து நிற்பதற்குள் போய் நல்ல கேமராவில் முழுச் சுவரையும் எடுத்து வையுங்கள், அடுத்த கொட்டேஷனோடு போவது அந்தப் படம்தான்.