மெய்நிகர் இயந்திரத்துக்குள் பொதிகள் எங்கே சிக்குகின்றன? கேவிஎம் பயனருக்கான படிமுறை விளக்கம்

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் உள்ள ஓர் அலுவலகத்தின் அழைப்பு நிலையத்தில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்ற முறைப்பாட்டைத் தீர்த்துக் கொடுத்தபோது எடுத்து வைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். அழைப்புகளை இணைக்கும் சேவையகம் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது ஒரு பௌதிகக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினி. அதன் வலையமைப்பை ஐபேர்ஃப்3 என்ற வேக அளவீட்டுக் கருவி கொண்டு அளந்தவர்களுக்கு செக்கனுக்கு 940 மெகாபிட் கிடைத்திருந்ததால், பழி முழுவதும் இணைய இணைப்பின் மீது விழுந்திருந்தது. அந்த 940 என்ற எண்ணை நம்பியதில்தான் தேடல் திசை மாறியது.

ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு குரல் வழி ஒவ்வொரு 20 மில்லிசெக்கனுக்கும் ஒரு பொதியை, அதாவது வலையமைப்பில் செல்லும் ஒரு தரவுத் துண்டை, அனுப்புகிறது. அதாவது செக்கனுக்கு 50 பொதிகள். ஒவ்வொன்றிலும் 160 பைற் குரல். தலைப்புகளையும் சேர்த்தால் ஈதர்நெற் சட்டகம் 218 பைற். 200 அழைப்புகள் ஒரே நேரத்தில் நடந்தால், ஒவ்வோர் அழைப்புக்கும் இரு முனைகள் இருப்பதால், சேவையகத்துக்குள் செக்கனுக்கு 20,000 பொதிகள் வருகின்றன, அதே அளவு வெளியேறுகின்றன. பட்டையகலமாகப் பார்த்தால் இது ஒரு திசைக்கு 35 மெகாபிட் மட்டுமே. மறுபுறம், ஐபேர்ஃப்3 இயல்பாகச் செய்யும் ரிசிபி அளவீட்டில் வரும் பெரிய பொதிகளை லினக்ஸ் வழியிலேயே ஒன்றுசேர்த்து 64 கிலோபைற் வரையான கட்டிகளாக உள்ளே தள்ளிவிடுகிறது. எனவே 940 மெகாபிட் ஓடும்போதுகூட, சாதகமான நிலையில், மெய்நிகர் இயந்திரம் கையாளுவது செக்கனுக்கு 2,000க்கும் குறைவான கட்டிகளையே. வேலைப் பளு பொதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, மெகாபிட்டைப் பொறுத்ததன்று.

இனி, தாங்கும் கணினியைத் தாய்ச் சேவையகம் என்றும், அதற்குள் ஓடுவதை உள் இயந்திரம் என்றும் குறிப்பிடுகிறேன். இரண்டிலும் லினக்ஸ் இருக்கிறது, தாய்ச் சேவையகத்தில் கேவிஎம்மும் (மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் லினக்ஸ் கூறு) லிப்வேர்ட்டும் (அவற்றை நிர்வகிக்கும் கருவி) நிறுவப்பட்டுள்ளன, உள் இயந்திரம் பிரிட்ஜ் என்ற மென்பொருள் சுவிட்ச் வழியாக வெளியே இணைந்துள்ளது, உங்களிடம் ரூற் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரியான அளவீடு

அளவிடும் கணினி அதே சுவிட்சில் பொருத்தப்பட்ட வேறொரு பௌதிகக் கணினியாக இருக்க வேண்டும். அதே தாய்ச் சேவையகத்தில் உள்ள இன்னோர் உள் இயந்திரத்திலிருந்து அளந்தால் இரண்டும் ஒரே செயலிக்குப் போட்டியிடும். சிங்கப்பூரில் உள்ள மேகச் சேவையகத்திலிருந்து அளந்தால் கடலடிக் கேபிளின் தாமதத்தையும் சேர்த்தே அளப்பீர்கள். ஐபேர்ஃப்பில், குரல் பொதிகள் செல்லும் யுடிபி முறையைத் தெரிவுசெய்து, பொதியின் நீளத்தை 160 எனக் கொடுத்து, வேகத்தை 5 மெகாபிட்டிலிருந்து படிப்படியாக உயர்த்துங்கள். எந்த வேகத்தில் முதன்முதலாகப் பொதி இழப்புத் தோன்றுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த எண்ணுடன் ஒப்பிட வேண்டும். வேக வரம்பே இல்லாமல் பொதிகளைக் கொட்டும் பரிசோதனையை அலுவலக நேரத்தில் செய்ய வேண்டாம்.

என் தெரிவு ஐபேர்ஃப்பின் இரண்டாம் பதிப்பே. மூன்றாம் பதிப்பு 3.16 வெளியாகும் வரை, எத்தனை இணை ஓட்டங்களைக் கேட்டாலும், எல்லாவற்றையும் ஒரே இழையிலேயே, அதாவது ஒரு நேரத்தில் ஒரே செயலியில் ஓடும் ஒரே பணியாக, நடத்தியது. உபுண்டுவின் பழைய வெளியீடுகளில் அந்தப் பழைய பிரதியே கிடைக்கும். அதைக் கொண்டு அளந்தால் அளவுகோலின் எல்லையை உங்கள் சேவையகத்தின் எல்லை என்று எண்ணிவிடுவீர்கள்.

உள் இயந்திரத்தின் செயலிகள்

அளவீடு ஓடிக்கொண்டிருக்கும்போதே உள் இயந்திரத்தில் 'எம்பிஸ்ராற்' கட்டளையை, ஒவ்வொரு செயலியையும் தனித்தனியே காட்டும்படி இயக்குங்கள். சராசரியை மட்டும் காட்டும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். நான்கில் ஒரு செயலி முழுவதும் திணறி மற்ற மூன்றும் சும்மா இருந்தால் சராசரி 25 வீதம் என்று சாதுவாகக் காட்டும்.

அது காட்டும் அட்டவணையில் இரண்டு நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) முக்கியம். 'சொஃப்ட்' என்பது பொதிகளைக் கையாளும் மென்குறுக்கீடுகளுக்குச் செலவான நேரம். அது ஒரே செயலியில் மட்டும் 100ஐ நெருங்கினால், பொதிகள் யாவும் ஒரே வரிசையில் வருகின்றன என்று பொருள். 'ஸ்ரீல்' என்பது உள் இயந்திரம் ஓடத் தயாராக இருந்தும் தாய்ச் சேவையகம் அதற்குச் செயலியைக் கொடுக்காத நேரம். இது தொடர்ந்து சில வீதங்களுக்கு மேல் நின்றால் உள் இயந்திரத்தின் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை; தாய்ச் சேவையகத்தில் இயங்கும் மற்ற இயந்திரங்களைக் குறைக்க வேண்டும், அல்லது இதற்கெனச் சில செயலிகளை ஒதுக்க வேண்டும்.

வலையமைப்பு அட்டையின் வகை

'ஈத்ரூல்' கட்டளையின் சிறிய ஐ தெரிவு, எந்த டிரைவர் ஓடுகிறது என்று சொல்லும். 'ஈ1000' அல்லது '8139' என்று வந்தால் முதலில் அதை 'வேர்ட்ஐஓ' ஆக மாற்றுங்கள். முன்னையவை உண்மையான அட்டைகளின் நகல்கள். அந்த அட்டையின் பதிவகத்தை டிரைவர் தொடும்போதெல்லாம் உள் இயந்திரம் நின்று, கட்டுப்பாடு தாய்ச் சேவையகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். வேர்ட்ஐஓ, இரு தரப்பும் பகிரும் நினைவக வளையத்தில் பொதிகளை வைத்து இந்தப் போக்குவரத்தைப் பெருமளவு குறைக்கிறது. மாற்றிய பின் இடைமுகத்தின் பெயர் மாறி, இயந்திரம் வலையமைப்பே இல்லாமல் எழும்பக்கூடும். ஆகவே கொன்சோல் வழி உள்நுழைய முடிவதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸ் உள் இயந்திரமானால் வேர்ட்ஐஓ டிரைவரை நிறுவிய பின்னரே மாற்ற வேண்டும்.

தாய்ச் சேவையகத்தில் திசை தலைகீழ்

பலரும் வழிதவறும் கட்டம் இதுவே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். உள் இயந்திரத்தில் கைவிடப்பட்ட பொதிகளின் எண்ணிக்கை பூச்சியம் என்று இருக்கும். தாய்ச் சேவையகத்தின் பௌதிக அட்டையிலும் இழப்பு எதுவும் தெரியாது. ஆயினும் அனுப்பியவற்றில் ஒரு பகுதி வந்து சேராது. இரண்டுக்கும் இடையே 'விநெற்0' போன்ற பெயருடன் ஒரு மெய்நிகர் இடைமுகம் தாய்ச் சேவையகத்தில் இருக்கிறது. உங்கள் இயந்திரத்துக்கு உரியது எது என்பதை 'வேர்ஷ்' கட்டளையின் 'டொமிஃப்லிஸ்ற்' காட்டும். அந்த இடைமுகத்தின் புள்ளிவிபரத்தை 'ஐபி லிங்க்' கட்டளையில் எஸ் தெரிவுடன் பாருங்கள்.

உள் இயந்திரம் பெறுவதில் பிரச்சினை என்பதால் எல்லோரும் இயல்பாகப் பெறுதல் பகுதியையே, அதாவது ஆர்எக்ஸ் வரியையே, பார்க்கிறார்கள். அங்கே எதுவும் இராது. இந்தக் கணக்கு தாய்ச் சேவையகத்தின் பக்கத்திலிருந்து எழுதப்படுவது: உள் இயந்திரத்துக்குள் போகும் பொதி தாய்ச் சேவையகத்துக்கு 'அனுப்பிய' பொதி. எனவே உள்ளே நுழைய முடியாமல் விழுந்தவை அனுப்புதல் பகுதியின், அதாவது ரிஎக்ஸ் வரியின், 'ட்ரொப்ட்' நிரலில் எண்ணப்படுகின்றன. உள் இயந்திரத்தின் வளையத்தை அவை எட்டவே இல்லை என்பதால் அங்குள்ள கணக்கிலும் ஏறுவதில்லை.

அந்த எண் ஏறுகிறதா? அப்படியானால் தாய்ச் சேவையகத்தில் 'ரொப்' கட்டளையை இழைகளைக் காட்டும்படி திறந்து 'விஹோஸ்ற்' என்று தொடங்கும் இழையைத் தேடுங்கள். பொதிகளை வளையத்துக்குள் கொண்டு சேர்ப்பது அதுதான். லினக்ஸின் மையப் பகுதியான கேர்ணலின் 6.4 பதிப்பு முதல் அது, உள் இயந்திரத்தை இயக்கும் கேமு மென்பொருளின் இழைகளுள் ஒன்றாகத் தெரியும். விஹோஸ்ற் இழை 100 வீதத்தில் நின்றால், ஒற்றை இழையால் அவ்வளவு பொதிகளைச் சுமக்க முடியவில்லை. அடுத்த பகுதி உங்களுக்கானது. அது ஓய்வாக இருக்கும்போதே பொதிகள் விழுகின்றன என்றால், உள் இயந்திரம் வளையத்தில் இடம் விடுவதற்குத் தாமதிக்கிறது. ஸ்ரீல் நேரத்தை மீண்டும் பாருங்கள், பிறகு வளையத்தின் அளவை இயல்பான 256இலிருந்து 1024 வரை உயர்த்திப் பாருங்கள். கொள்ளுப்பிட்டிச் சேவையகத்தில் நடந்தது முதலாவது வகை.

பல வரிசைகள்

'வேர்ஷ் எடிற்' மூலம் இயந்திரத்தின் வரையறையைத் திறந்து, இடைமுகப் பகுதிக்குள் உள்ள டிரைவர் கூற்றில் பெயரை 'விஹோஸ்ற்' என்றும் வரிசைகளின் எண்ணிக்கையை 4 என்றும் எழுதுங்கள். உள் இயந்திரத்தின் செயலிகளை விட அதிகமான வரிசைகள் வீண்.

இப்போது இயந்திரத்தை முழுமையாக நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். உள்ளிருந்து 'ரீபூற்' செய்தால் போதாது. ரீபூற் செய்யும்போது உள்ளே இருக்கும் லினக்ஸ்தான் மறுபடி தொடங்குகிறதே தவிர, அதைத் தாங்கும் கேமு மென்பொருள் பழைய வரையறையுடனேயே தொடர்ந்து ஓடுகிறது. வரையறையைக் காட்டும் 'டம்ப்எக்ஸ்எம்எல்' கட்டளையை ஒரு தடவை அப்படியேயும், இன்னொரு தடவை 'இன்அக்ரிவ்' தெரிவுடனும் இயக்கி ஒப்பிட்டுப் பார்த்தால், ஓடிக்கொண்டிருப்பதும் எழுதி வைக்கப்பட்டதும் வேறு வேறாக இருப்பது தெரியும்.

பின்னர் உள் இயந்திரத்தில் 'ஈத்ரூல்' கட்டளையின் சிறிய எல் தெரிவு, எத்தனை வரிசைகள் கிடைக்கின்றன, எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும். கேர்ணல் 4.10க்கு முந்திய இயந்திரங்களில் நான்கு கிடைத்தும் ஒன்றே ஓடும். அதைப் பெரிய எல் தெரிவால் நீங்களே உயர்த்த வேண்டும். கடைசியாக, ப்ரொக் அடைவில் உள்ள 'இன்ரரப்ற்ஸ்' கோப்பில் 'வேர்ட்ஐஓ0-இன்புற்' என்று தொடங்கும் வரிகள் வெவ்வேறு செயலிகளில் ஏறுகின்றனவா என்று பாருங்கள்.

ஒரே ஓட்டம் எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அழைப்புகள் வெவ்வேறு துறைகளில் (போர்ட் எண்களில்) வருவதால் அவை பிரிந்து செல்லும். எல்லாவற்றையும் விபிஎன் போன்ற ஒரே சுரங்க இணைப்புக்குள் அடைத்து அனுப்பினால், நான்கு வரிசைகள் இருந்தும் மூன்று சும்மா கிடக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சுமைகள்

தாய்ச் சேவையகத்திலேயே, மென்பொருள்களைக் கொள்கலன்களில் இயக்கும் டொக்கரை நிறுவும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. டொக்கரின் தேவைக்காக பிரிட்ஜ் வடிகட்டிக் கூறு ஏற்றப்பட்டுவிட்டால், பிரிட்ஜ் வழியே சும்மா கடந்து போக வேண்டிய பொதிகளும் ஐபிரேபிள்ஸ் தீச்சுவர் விதிகள் அனைத்தையும் கடக்க வேண்டி வரும். 'பிரிட்ஜ்-என்எஃப்-கோல்-ஐபிரேபிள்ஸ்' என்ற அமைப்பு 1 என்று இருந்தால் இதுதான் நடக்கிறது. அதை 0 ஆக்கலாம். ஆனால் கொள்கலன்களுக்கு இடையிலான தடைவிதிகள் அதை நம்பியிருக்கக்கூடும் என்பதால், டொக்கரைத் தனியான உள் இயந்திரம் ஒன்றுக்கு மாற்றுவதே தூய்மையான வழி.

எப்போதோ தொடங்கிவிட்டு மறந்துபோன 'ரிசிபிடம்ப்' பின்னணியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பிரதி கேட்கிறது. அதே கருவி, உள் இயந்திரம் அனுப்பும் பொதிகளில் செக்சம் (சரிபார்ப்பு எண்) பிழை என்று எழுதினால் பதற வேண்டாம். அந்தக் கணக்கீடு பிற்பாடு நடப்பதற்காக விடப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

பொதி கேர்ணல் வரை வந்து சேர்ந்தும் மென்பொருளுக்குக் கிடைக்காமல் போகலாம். 'என்ஸ்ராற்' காட்டும் யுடிபி பெறுதல் இடையகப் பிழை ஏறினால், மென்பொருள் போதிய வேகத்தில் வாசிக்கவில்லை. 'ஆர்மெம்_மக்ஸ்' என்ற உச்ச வரம்பை இயல்பான அளவிலிருந்து உயர்த்துவது மட்டும் போதாது. மென்பொருளும் பெரிய இடையகத்தைக் கேட்க வேண்டும், இல்லையேல் 'ஆர்மெம்_டிஃபோல்ற்' என்பதையும் உயர்த்த வேண்டும். இணையத்தில் உலாவும் நீண்ட கேர்ணல் அமைப்புப் பட்டியல்களை அப்படியே ஒட்டுவதை நான் எதிர்க்கிறேன். எது பலன் தந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

கேர்ணலைத் தவிர்த்துப் பொதிகளைக் கையாளும் டிபிடிகே, பௌதிக அட்டையின் ஒரு பங்கை உள் இயந்திரத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் எஸ்ஆர்-ஐஓவி ஆகியவை பற்றியும் கேட்கிறார்கள். முன்னையது ஒரு செயலியை முழுநேரமும் பிடித்து வைத்திருக்கும். பின்னையது ஓடும் இயந்திரத்தை வேறு சேவையகத்துக்கு இடம்மாற்றுவதைக் கடினமாக்கும். சில பத்தாயிரம் பொதிகளுக்கு இவை தேவையில்லை. கொழும்பின் கணினிக் கடைத்தொகுதியான யுனிற்றி பிளாசாவுக்குப் போய்ப் புதிய அட்டை வாங்குவதும் அப்படியே.

பிற்சேர்க்கை 1: வேர்ச்சுவல்பொக்ஸ்

மடிக்கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளைக் கொண்டு பயிற்சி செய்யும் மாணவர்கள் பலர் மேற்கண்ட கட்டளைகள் தங்களுக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். வேர்ச்சுவல்பொக்ஸில் அட்டை வகையை வேர்ட்ஐஓ ஆகவும், இணைப்பை, முகவரியை மாற்றி அனுப்பும் நற் முறையிலிருந்து பிரிட்ஜ் முறைக்கும் மாற்றுங்கள். சாளரத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகர் இயந்திர அடுக்கான ஹைப்பர்-வி அடியில் ஓடுகிறது, அதன் மேல் உங்கள் இயந்திரம் ஓடுகிறது. ஹைப்பர்-வியை நிறுத்தும் வரை மற்ற அளவீடுகளுக்கு அர்த்தமில்லை.

பிற்சேர்க்கை 2: மேகச் சேவையகங்கள்

அமேசனின் மும்பாய் அல்லது சிங்கப்பூர் வலயத்தில் இயந்திரம் வைத்திருப்போருக்குத் தாய்ச் சேவையகத்தைத் தொட வழியில்லை. ஆனால் அங்குள்ள ஈஎன்ஏ என்ற வலையமைப்பு அட்டை டிரைவர், 'ஈத்ரூல்' கட்டளையின் பெரிய எஸ் தெரிவுக்குச் சில பயனுள்ள எண்களைத் தருகிறது. 'பிபிஎஸ்_அலவன்ஸ்_எக்ஸீடட்' ஏறினால், அந்த வகை இயந்திரத்துக்கு அனுமதிக்கப்பட்ட செக்கனுக்கான பொதி எண்ணிக்கையை மீறிவிட்டீர்கள். 'கொன்ட்ராக்_அலவன்ஸ்_எக்ஸீடட்' ஏறினால் தொடர்புகளின் எண்ணிக்கை மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் உள்ளிருந்து மருந்து இல்லை. பெரிய வகைக்கு மாற்றுங்கள், அல்லது சுமையை இரண்டு இயந்திரங்களாகப் பிரியுங்கள். செயலி நேரத்தை வரவாகச் சேர்த்துச் செலவழிக்கும் ரி3 போன்ற வகைகளில், வரவு தீர்ந்த பின்னும் வேகமாக ஓடவிடும் அன்லிமிரட் முறை நிறுத்தப்பட்டிருந்தால், செயலி வரவு தீர்ந்ததும் ஸ்ரீல் நேரம் உயரும். காலையில் நன்றாக இருந்த சேவையகம் மாலையில் தடுமாறுகிறது என்றால் முதலில் அந்த வரவின் மீதியைப் பாருங்கள்.