டெபியனில் சொந்த லைவ் ஐஎஸ்ஓ: கோப்புப் பெயரைக் கவனியுங்கள்

கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் டெபியன் லினக்ஸின் வட்டுக் கோப்புதான் லைவ் ஐஎஸ்ஓ. அதை உருவாக்கும் லைவ்-பில்ட் தொகுப்பை நிறுவி, காலி ஃபோல்டர் ஒன்றில் ‘எல்பி கான்ஃபிக்’ கட்டளையை ஓட்டுங்கள். வேண்டிய மென்பொருள்களின் பெயர்களை ‘கான்ஃபிக்/பேக்கேஜ்-லிஸ்ட்ஸ்’ உள்ளே ஒரு கோப்பில் எழுதுங்கள். அதன் பெயர் ‘.லிஸ்ட்.சிஹெச்ரூட்’ என முடியட்டும். பெயரில் ‘.லிஸ்ட்’ விட்டுப்போனால் பிழைச்செய்தியும் வராது, மென்பொருளும் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

டெபியன் 12 முதல் வைஃபை ஃபர்ம்வேர் (வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள்) ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. ‘எல்பி கான்ஃபிக்’ கட்டளையின் ஆர்க்கைவ்-ஏரியாஸ் அமைப்பில் அதைச் சேர்க்காவிட்டால் பல லேப்டாப்களில் வைஃபை எடுக்காது.

பிறகு ரூட் (நிர்வாகி) உரிமையோடு ‘எல்பி பில்ட்’ ஓட்டினால் ஐஎஸ்ஓ உருவாகும். ‘நோடெவ்’ (டிவைஸ் கோப்புகளுக்குத் தடை) என மவுண்ட் செய்த பார்ட்டிஷனில் ஓட்ட வேண்டாம்; டிவைஸ் கோப்புகளை உருவாக்க முடியாமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். பட்டியலை மாற்றினால், மறுபடி பில்ட் செய்யுமுன் ‘எல்பி கிளீன்’ அவசியம்.

ஐஎஸ்ஓவை ‘டிடி’ கட்டளை மூலம் பென்டிரைவில் எழுதும்போது எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷனை அல்ல, எஸ்டிபி என முழு பென்டிரைவையும் கொடுங்கள். அதிலுள்ள பழைய தரவு அழிந்துவிடும். டிரைவின் பெயரை ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையில் பார்த்துவிட்டே எழுதுங்கள்.