இரண்டு மூன்று மாடுகள் வைத்திருப்போர் சாண எரிவாயுக் கலன் அமைக்கும் முறை

கொழும்பு மாவட்டத்திலும் ஹங்வெல்லை, பாதுக்கை, அவிசாவளைப் பக்கங்களில் இரண்டு மூன்று மாடுகளை வைத்துப் பால் விற்கும் குடும்பங்கள் உண்டு. 2022இல் சமையல் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்கள், கொட்டிலில் கிடக்கும் எரிபொருளையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

சாணக் கரைசலைக் காற்றுப் புகாமல் மூடி வைத்து, நுண்ணுயிர்களால் அது சிதையும்போது வரும் எரிவாயுவைப் பிடிக்கும் தொட்டியே கலன். அதைக் கட்டுமுன் மாடுகளை எண்ண வேண்டாம், சாணத்தை நிறுக்க வேண்டும். கொட்டிலைக் கூட்டும்போது சேரும் சாணத்தை வாளியில் அள்ளி ஒரு வாரம் தொடர்ந்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி வைத்துத் தீனி போடும் மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் தரும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பெரும்பகுதி வழியிலேயே விழுந்துவிடும். 25 கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 1 கன மீற்றர் வாயு கிடைக்கும். அதில் ஓர் அடுப்பு இரண்டரை மணி நேரம் எரியும். நாளும் இதே அளவு என மாதம் முழுவதற்கும் கூட்டினால், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஈடாகும். நாளுக்கு 20 கிலோவும் தேறாத வீட்டில் கலன் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சமையல் கழிவைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். சிறு குடும்பத்தின் கழிவு அதற்குப் போதாது.

25 கிலோ சாணத்தோடு அதே அளவு நீர் கரைத்தால் நாளொன்றுக்கு 50 லீற்றர் கரைசல். அது நமது வெப்பத்தில் சுமார் 50 நாள் உள்ளே தங்க வேண்டுமாதலால் கரைசலுக்கு மட்டும் 2,500 லீற்றர் இடம் தேவை; வாயு தங்கும் இடத்தையும் சேர்த்து 4 கன மீற்றர் கலன் பொருத்தமானது. கொட்டிலுக்கு அருகே, கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி, மழை வெள்ளம் ஏறாத மேட்டில் இடம் தெரிவுசெய்யுங்கள். கலனின் மேலுள்ள கவிகைக் கூரையில் (குவிந்த மூடியில்) மயிரிழை வெடிப்பிருந்தாலும் வாயு கசியும். பயிற்சி பெற்ற மேசனையே அமர்த்துங்கள்.

முதல் நிரப்பலின்போது இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு கலனின் கரைசலிலிருந்து சில வாளிகள் கலந்தால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும். முதலில் வரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும் மிகுந்திருக்கும் என்பதால் அதைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். கலனின் குழாய் வாயில் ஒருபோதும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. இணைப்புகளைச் சவர்க்கார நுரை பூசியே சோதிக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பின் துளை இவ்வாயுவுக்குச் சிறிதாகையால் சாண எரிவாயு அடுப்பையே வாங்குங்கள். குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடியத் திருகு ஒன்று வைக்காவிட்டால் சுடர் துடிக்கும்.

வைக்கோலையும் மணலையும் பொறுக்கிவிட்டே சாணத்தைக் கரையுங்கள். பினைல் ஊற்றிக் கழுவிய நீரும், நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் சாணமும் கலனுக்குள் போகக் கூடாது. வெளியேறும் கரைசலில் தழைச்சத்து தங்கியிருக்கும், அதை சி.ஓ. 3 என்னும் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சினால் தீனிச் செலவும் குறையும்.