அசைய மறுக்கும் ஆயில் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றுவது அப்படியொன்றும் கடினமான வேலை இல்லை. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் சம்ப். அதன் அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அந்த ஒற்றை போல்ட் அசையாமல் அடம்பிடித்தால்தான் தொல்லை. உடனே எல்லோரும் துருவைத்தான் திட்டுவார்கள். ஆனால் மரை எப்போதும் ஆயிலில் நனைந்தபடியே இருப்பதால் உள்ளே துரு ஏறுவது குறைவு. போன முறை மாட்டியவர் கசிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் மூச்சைப் பிடித்து இறுக்கியிருப்பார். பல நேரம் அதுதான் காரணம். ஆகவே போல்ட்டின் தலை மழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலை நன்றாக இருக்கும்வரை வழி உண்டு.

தொடங்கும் முன்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கிய காரைக் கட்டாயம் ஸ்டாண்டின் மேல் இறக்கி வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. அதிலும் இன்று போல்ட்டோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள், கார் குலுங்கும்.

என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருங்கள். சம்ப் அலுமினியமாகவும் போல்ட் இரும்பாகவும் இருந்தால் இந்தச் சூடு கொஞ்சம் உதவும். அதே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும்.

அப்புறம், அது ஆயில் போல்ட்தானா என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே கியர்பாக்ஸுக்கும் இதே போன்ற ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றி கியர் ஆயிலைக் கொட்டிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

எந்தப் பக்கம் திருப்புவது?

படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது திசை குழம்பும். பாதிப் பேர் போல்ட்டைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் இறுக்கிக்கொண்டிருப்பார்கள். போல்ட்டின் தலை உங்கள் முகத்துக்கு நேராக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைதான் கழற்றும் திசை. என்ஜினுக்கு மேலிருந்து குனிந்து எண்ணிப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

சரியான சாக்கெட், ஒரே வெட்டு

தலையில் ஒட்டியிருக்கும் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். தலைக்குள் ஆலன் கீ (அறுகோணச் சாவி) போடும் குழி இருந்தால் அதில் இறுகியிருக்கும் அழுக்கை ஊசியால் கிளறி எடுங்கள். கருவி முழு ஆழத்துக்கு உட்காராவிட்டால் நழுவும்.

ஓபன் ஸ்பேனர் வேண்டாம். அது இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். போல்ட் தலையைச் சுற்றிலும் கவிந்து பிடிக்கும் சாக்கெட்தான் வேண்டும். அதிலும் பன்னிரண்டு முனை சாக்கெட்டைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது. 14, 17, 19 மி.மீ. அளவுகள் பரவலானவை. ஆட்டிப் பார்த்தால் துளியும் ஆடாத அளவே சரியான அளவு.

இனி நீளம். 15 செ.மீ. கைப்பிடிக்குப் பதில் 60 செ.மீ. கைப்பிடி போட்டால் அதே கைபலம் நான்கு மடங்காகப் போல்ட்டுக்குப் போகும். நீளக் கைப்பிடி இல்லையென்றால் உறுதியான இரும்புப் பைப்பைச் செருகிக்கொள்ளலாம். ஒரு கையால் சாக்கெட்டைத் தலையோடு அழுத்திப் பிடித்து, மறு கையால் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டுங்கள். மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுவதைவிட இதற்கே பலன் அதிகம். கைப்பிடியின் நுனியை ரப்பர் சுத்தியலால் தட்டினாலும் இதே பலன்தான்.

இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். “டக்” என்று உலர்ந்த சத்தம் கேட்டால் போல்ட் விட்டுக்கொடுத்துவிட்டது. சத்தமே இல்லாமல் வழுவழுவென்று நழுவுவது போல் இருந்தால் அது தலையின் முனை மழுங்கும் அறிகுறி, உடனே நிறுத்துங்கள்.

அப்படியும் வராவிட்டால்

போல்ட் தலைக்கும் சம்புக்கும் நடுவே துரு தெரிந்தால் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து இருபது நிமிடம் ஊறவிட்டு, தலையின் நடுவில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். அலுமினிய சம்ப் என்றால் மென்மையாக. அது விரிசல் விடக்கூடியது. நெருப்பு காட்டும் யோசனையை மட்டும் மறந்துவிடுங்கள். மேலே ஆயில், பக்கத்தில் தீப்பற்றும் தெளிப்பான். யாருக்கும் வேண்டாத சேர்க்கை.

தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால், உள்ளே சுருள் பற்கள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்புங்கள். அது கையில் இல்லையென்றால் வைஸ் கிரிப்பை (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகக் கவ்வவிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா? ஆயில் அளவு பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) செருகியிருக்கும் குழாய் வழியாக பம்ப் வைத்து ஆயிலை உறிஞ்சி எடுத்து இந்த முறை சமாளித்துவிட்டு, போல்ட்டை மெக்கானிக்கிடம் விடுங்கள். சம்பை உடைப்பதைவிட அது மலிவு.

மாட்டும்போது

வாஷரைப் புதிதாகப் போடுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். தடுக்கினால் மரை கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். பிறகு டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பல கார்களுக்கு அது 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். புது ஆயிலை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு அணைத்துப் போல்ட்டைச் சுற்றிப் பாருங்கள். சொட்டினால் இன்னும் இறுக்கத் தோன்றும். அதைச் செய்யாமல் வாஷர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.