நித்திரை முழித்துப் படிக்கும் ஓ.எல், ஏ.எல் பிள்ளைகளுக்கு: எழும்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

இரவு 11 மணிவரை படித்து, விடிய 4 மணிக்கு அலாரம் வைத்து எழும்பும் பிள்ளையைத்தான் வன்னியில் கெட்டிக்காரப் பிள்ளை என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அது ஐந்து மணித்தியால நித்திரை. 13 முதல் 18 வயதுவரை உடம்புக்கு வேண்டியது 8 முதல் 10 மணித்தியாலம். பகலில் படித்ததை மூளை உறுதியாகப் பதிப்பது நித்திரையில்தான். ஆழ்ந்த நித்திரை முன்னிரவில் கூடுதல், கனவு நித்திரை விடியப்புறத்தில் கூடுதல். 4 மணி அலாரம் அந்தப் பின்பங்கை வெட்டிவிடுகிறது.

முதற்படி, எழும்பும் நேரத்தை முடிவு செய்வது. பாடசாலை 7.30க்கு. சைக்கிளில் முக்கால் மணித்தியாலம் என்றால் 6.40க்கு வெளிக்கிட வேண்டும், எழும்ப 5.30. அதிலிருந்து 8 மணித்தியாலம் பின்னுக்குப் போனால் இரவு 9.30. கண்ணயர 20 நிமிடம். ஆகவே 9.10க்குப் பாயில் இருக்க வேண்டும். சனி, ஞாயிறிலும் காலை 6.30ஐத் தாண்டிப் படுத்துக் கிடக்காதீர்கள். தாண்டினால் ஞாயிறு இரவு நித்திரை வராது, திங்கள் முதல் பாடத்தில் தலை சாயும்.

இரண்டாவது, மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்த்துவது. பலர் தோற்பது இங்கேதான். 11.30க்குப் பழகியவர் ஒரே நாளில் 9.10க்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். இந்த வயதில் உடம்பின் மணிக்கூடு இயல்பாகவே பிந்தி ஓடும், அது பிள்ளையின் பிழை அல்ல. மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்கு எடுங்கள். காலை 6 மணிக்குப் பிறகு 15 நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். முற்றம் கூட்டினாலே போதும். அந்த வெளிச்சம்தான் மணிக்கூட்டைத் திருத்தும்.

மூன்றாவது, பின்னேரத்தை ஒழுங்குபடுத்துவது. ரியூசன் முடிந்து 7 மணிக்குக் குடிக்கும் தேத்தண்ணியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி நள்ளிரவிலும் உடம்பில் நிற்கும். கடைசித் தேத்தண்ணி 3 மணியோடு சரி. கணக்கை முதலில் செய்யுங்கள், வரைவிலக்கணம், பெயர்கள் போன்றவற்றைக் கடைசி அரை மணித்தியாலத்தில் கொப்பியை மூடி வைத்துச் சொல்லிப் பாருங்கள். 8.40க்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அலாரத்துக்குச் சின்ன மணிக்கூடு ஒன்று வாங்கினால் போனைக் கேட்கச் சாட்டு இருக்காது.

நான்காவது, படுக்கிற இடம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை இரவிலும் அனல் கக்கும். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் நித்திரை வரும். பொழுதுபட்டதும் கதவு யன்னலைத் திறந்து விடுங்கள், படுக்க ஒரு மணித்தியாலம் முன் குளியுங்கள். நுளம்பு வலைக்குள் காற்று குறையும் என்று வலையைக் கழற்றாதீர்கள். விசிறியைக் கால்மாட்டில் வைத்து, வலை ஓரங்களைப் பாயின் கீழ் செருகுங்கள். ஓட்டை இருந்தால் நூலால் தையுங்கள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போல இரவு முழுக்க விழித்த நாளா? மறுநாள் பகல் முழுக்கப் படுக்காமல், 3 மணிக்கு முன் 20 நிமிடம் மட்டும் கண்ணயருங்கள். முக்கால் மணித்தியாலம் போனால் ஆழ்நித்திரையில் எழும்ப நேர்ந்து தலை பாரமாக இருக்கும்.

இப்படி ஒரு மாதம் செய்தும் பகலில் தூங்கி விழுந்தால், குறட்டையில் மூச்சு நின்று நின்று வந்தால், பயங்கரக் கனவில் அடிக்கடி எழும்பினால், பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.