முடிவிலி மெய்யுலகில் உண்டா என்ற வாதத்தை எடைபோடுவது எப்படி?

முடிவிலி மெய்யுலகில் இருக்க முடியுமா, கணிதத்தில் மட்டும்தான் அதற்கு இடமா என்று ஆராயப் புகுபவர், எந்த முடிவிலியைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எண்களை எண்ணிக்கொண்டே போகலாம், ஒரு கோட்டைப் பாதிபாதியாகப் பகுத்துக்கொண்டே போகலாம். ஆனால் எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அதுவரை கிடைத்தவை முடிவுள்ள எண்ணிக்கையே. அரிஸ்டாட்டில் ஏற்றுக்கொண்டது இத்தகைய வளரும் முடிவிலியை மட்டுமே. எண்ணிக்கையில் முடிவற்ற பொருள்கள் ஒருங்கே, முழுமையாக இருக்கின்றன என்பது வேறொரு கூற்று, சர்ச்சைக்குரியது அதுதான்.

அடுத்து, வியப்பையும் முரண்பாட்டையும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான வாதங்கள் இடறுவது இங்கேதான். 1-க்கு 1, 2-க்கு 4, 3-க்கு 9 என்று ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வர்க்கத்தை இணைத்துக்கொண்டே போனால், இரு பக்கத்திலும் எதுவும் மிஞ்சுவதில்லை. வர்க்க எண்களோ எல்லா எண்களிலும் ஒரு பகுதிதான். 1638-இல் இதை எழுதிய கலிலியோ, பெரிது, சிறிது, சமம் என்ற சொற்கள் முடிவிலிக்குப் பொருந்தா என்று ஒதுங்கிக்கொண்டார். பின்னர் வந்த கணிதவியலாளர் கேன்டர் அதே இணைப்பையே சம அளவுக்கு இலக்கணமாக்கி, மெய்யெண்களை (கோட்டின் புள்ளிகள் குறிக்கும் எல்லா எண்களையும்) 1, 2, 3 என்னும் இயல் எண்களோடு அவ்வாறு இணைக்கவே முடியாது என்று 1874-இல் நிறுவினார். முடிவற்ற அறைகள் கொண்டு, அவை எல்லாம் நிரம்பிய பின்னும் ஒவ்வொருவரையும் அடுத்த அறைக்கு நகர்த்திப் புதியவருக்கு இடமளிக்கும், கணிதவியலாளர் ஹில்பர்ட்டின் கற்பனை விடுதியைக் காட்டி, 'இது நடவாது, ஆகவே முடிவிலி இல்லை' என்பவரிடம், ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்தே பெறப்படும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டுவது பெரும்பாலும் பழக்கமின்மையாகவே இருக்கும். ஹில்பர்ட்டும் 1925-ஆம் ஆண்டு உரையில் முடிவிலி இயற்கையில் எங்கும் இல்லை என்றே கருதினார். ஆனால் அதற்கு அவர் துணைக்கழைத்தது இயற்பியலை.

முடிவிலி உண்டு என்னும் எதிர்த்தரப்பையும் சும்மா விட வேண்டாம். முரணற்றது என்பதாலேயே ஒன்று இருந்துவிடாது. கணிதத்திலும் முடிவிலிக் கணம் (முடிவற்ற உறுப்புகள் கொண்ட தொகுப்பு) நிறுவப்பட்டதன்று. 1908-இல் கணிதவியலாளர் ஸெர்மெலோ அதை ஓர் அடிகோளாகவே, அதாவது நிறுவாமல் ஏற்கும் தொடக்கக் கூற்றாகவே, வைத்தார்.

இயற்பியலுக்கு வரும்போது, ஆற்றல் போன்ற ஓர் அளவு முடிவிலியாவதையும் வெளியின் பரப்பு முடிவிலியாவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சூடான பொருள் முடிவற்ற ஆற்றலை உமிழும் என்று பழைய கோட்பாடு கணித்தது; 1900-இல் இயற்பியலாளர் பிளாங்க் தந்த சூத்திரத்தில் அந்த முடிவிலி மறைந்தது. கருந்துளையின் மையத்தில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் காட்டும் முடிவற்ற வளைவையும் இயற்பியலாளர் பெரும்பாலும் கோட்பாட்டின் எல்லையாகவே படிக்கின்றனர். என் கருத்தும் அதுவே.

பரப்பைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. நாம் காணக்கூடிய பேரண்டத்தின் விட்டம் ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டுகள். அதற்கப்பால் வெளி தொடர்ந்து செல்லலாம். அளந்தவரை வெளி தட்டையானது, அதாவது வளைவற்றது, என்பதால் அது முடிவற்றது என்று வாதிடுபவருக்கு, ஒரு திசையில் நேராகச் சென்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்படி அமைந்த தட்டையான, முடிவுள்ள வெளியும் கணிதப்படி சாத்தியம் என்று சுட்டிக்காட்டுங்கள். மேலும், எந்தக் கருவியும் காட்டுவது முடிவுள்ள ஓர் எண்ணையே, அதுவும் பிழை வரம்போடு. ஆகவே முடிவற்ற பேரண்டம் என்பது எப்போதும் ஒரு கோட்பாட்டின் வழியாக வரும் ஊகம். அந்தக் கோட்பாட்டுக்கு மற்றச் சான்றுகள் எவ்வளவு வலு தருகின்றனவோ, அதற்கு மேல் அந்த ஊகத்துக்கு வலு கொடுக்க இயலாது.