ரத்தத்தில் பாஸ்போ புரதங்களை மாஸ் சைட்டோமெட்ரியில் அளப்பது எப்படி

பாஸ்போ புரதம் என்றால் பாஸ்பேட் ஏறிய புரதம். ஆன்டிபாடிகளில் உலோகத்தைக் கட்டி, அந்த உலோகத்தின் நிறையை வைத்து ஒவ்வொரு செல்லிலும் புரதத்தை அளப்பது மாஸ் சைட்டோமெட்ரி. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எடுத்த ரத்தத்தை அப்படியே வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள். ஸ்டாட், பி38 போன்ற, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் புரதங்களில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் நிமிடக் கணக்கு. வண்டி களியக்காவிளையைத் தாண்டும் முன்பே நிலை மாறிவிடும். தூண்டுவதையும் நிலைப்படுத்துவதையும் ரத்தம் எடுத்த இடத்திலேயே முடிக்க வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய்தான் சரி. ஊதா மூடிக் குழாயிலுள்ள இடிடிஏ, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சமிக்ஞையைக் கெடுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். ரத்தத்தை நான்காகப் பிரியுங்கள்: ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம், ஒன்றில் பாக்டீரியாச் சுவர்ப் பொருளான எல்பிஎஸ் (மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம்), மற்ற இரண்டில் நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள்: ஒன்றில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா (100 நானோகிராம்), ஒன்றில் ஐஎல்-2, ஐஎல்-6 (தலா 100 நானோகிராம்). நான்கையும் 37 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். தூண்டாத குழாயை மேசையிலேயே விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. அதுவும் அதே சூட்டில் அதே நேரம் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நேரம் முடிந்ததும் ஒரு பங்கு ரத்தத்துக்கு 1.4 பங்கு புரோட்டியோமிக் ஸ்டெபிலைசர் (செல்களை அந்த நிலையிலேயே நிறுத்தும் திரவம்) ஊற்றி, அறை வெப்பத்தில் 10 நிமிடம் விட்டு, உடனே ட்ரை ஐஸில் உறையவையுங்கள். பிறகு மைனஸ் 80. வழியில் உருகி மறுபடி உறைந்த குழாயை ஒதுக்கிவிடுங்கள்.

ஆய்வகத்தில் குளிர்ச்சியாகவே உருக்கி, சிவப்பணுக்களைச் சிதைத்துக் கழுவுங்கள். ஆறு பலேடியம் ஐசோடோப்புகளை மும்மூன்றாகச் சேர்த்தால், எந்தச் செல் எந்த மாதிரியிலிருந்து வந்தது என்று காட்டும் 20 பார்கோடு கிடைக்கும். மாதிரிகளை ஒரே குழாயில் கலந்து சாயமேற்றினால் ஆன்டிபாடி அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றாகும். செல்லின் வகையைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிபாடிகளை முதலில் போடுங்கள். மெத்தனால் சில மேற்பரப்புப் புரதங்களின் வடிவத்தைக் குலைத்துவிடும். பிறகு, பாஸ்போ ஆன்டிபாடி செல்லுக்குள் நுழைய, குளிர்ந்த மெத்தனாலில் 10 நிமிடம், நன்றாகக் கழுவல், பாஸ்போ ஆன்டிபாடி 30 நிமிடம். அடுத்து, டிஎன்ஏவில் ஒட்டிச் செல்லைக் காட்டும் இரிடியம் இன்டர்கலேட்டரில் இரவு முழுவதும் 4 டிகிரியில். ஒவ்வொரு ஆன்டிபாடி குளோனையும் (ஒரே செல் வழியில் வந்த ஆன்டிபாடி வகை) நிலைப்படுத்திய ரத்தத்திலேயே முதலில் சோதித்திருக்க வேண்டும்.

பேனல் (எந்த ஆன்டிபாடிக்கு எந்த உலோகம் என்ற பட்டியல்) போடும்போது ஆக்சைடைக் கவனியுங்கள்: நிறை 143 உள்ள நியோடிமியம், ஆக்சிஜனோடு சேர்ந்து நிறை 159-இல் வரும். 143-இல் பலமான சமிக்ஞை தரும் ஆன்டிபாடி இருந்தால் 159-இல் மெலிந்த பாஸ்போ புரதத்தை வைக்காதீர்கள்.

சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பேரியம் நிறை 138-இல் எகிறும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டிலுள்ள சீரியம், லந்தனம், நியோடிமியம் இங்கே ஆன்டிபாடிகளில் கட்டும் அதே உலோகக் குடும்பம். எனவே பயன்படுத்தும் நீரையும் பஃபரையும் வெறுமனே ஒருமுறை இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

35 மைக்ரான் வலையில் வடிகட்டி, இயந்திரத்தின் அளவைச் சரிபார்க்கும் அளவீட்டு மணிகள் சேர்த்து, நொடிக்கு 300 முதல் 500 நிகழ்வு (செல் பதிவு) வரை ஓட்டுங்கள். வேகம் கூடினால் இரண்டு செல்கள் ஒன்றாகப் பதிவாகும்.

கணக்கில், அளவுகளை 5-ஆல் வகுத்து, பெரிய எண்களைச் சுருக்கும் ஆர்க்சைன்எச் என்ற கணிதச் சார்பில் மாற்றுங்கள். தூண்டியதிலிருந்து தூண்டாததைக் கழியுங்கள். எல்பிஎஸ் குழாயில் மோனோசைட் என்ற வெள்ளணுவில் பி38 ஏறி, ஐகேபிஆல்ஃபா (தூண்டினால் சிதையும் புரதம்) இறங்க வேண்டும். இன்னொரு வகை வெள்ளணுவான டி செல்களில் பெரிய மாற்றம் தெரியக்கூடாது. இன்டர்ஃபெரான் குழாயில் டி செல்களிலும் ஸ்டாட்1 ஏற வேண்டும். தூண்டாத குழாயிலேயே எல்லாம் உயர்ந்து கிடந்தால், ரத்தம் எடுத்ததிலிருந்து 37 டிகிரியில் வைக்கும் வரை ஆன நேரத்தையும் கையாண்ட விதத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.